நாவல் பிரதியில் கோளாறு எங்கே? எடிட்டருக்கான பிழை நீக்கும் வழிமுறை

நாவலை அனுப்பும் எழுத்தாளர் கூடவே ஒரு புகாரையும் அனுப்புவார். "பேச்சு சரியா வரலை", "நடுவுல தொய்யுது", "ஒற்றுப்பிழை மட்டும் பாத்துக் குடுத்தாப் போதும்." புகார் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் கோளாறு அது தெரிகிற இடத்தில் இருப்பதில்லை. பத்தாம் அத்தியாயத்தில் தொய்வு தெரியும். மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டதுதான் காரணமாக இருக்கும். தெரிகிற இடத்திலேயே கை வைத்தால் நல்ல பக்கங்கள் கெட்டுப்போகும், கோளாறு அப்படியே இருக்கும். அதனால் இங்கே ஒவ்வொன்றையும் காதில் விழும் புகாரிலிருந்து தொடங்கி, காரணம் இருக்கும் இடம் வரை போகிறோம்.

வேலை வரிசை முக்கியம். முதலில் கோப்பு, அடுத்து கட்டுமானம், பார்வை, உரையாடல், வாக்கியம், கடைசியில் ஒற்று. ஒற்றை முதலில் திருத்திவிட்டுப் பிறகு அரை அத்தியாயத்தை நீக்கச் சொன்னால் இரண்டு நாள் உழைப்பு வீண். திருத்தி எழுதப்படும் பத்திகளில் புது ஒற்றுப்பிழைகளும் வரும். முதல் வாசிப்பில் எதையும் தொடக் கூடாது. 60,000 சொல் நாவலுக்கு இரண்டு நாள் ஒதுக்கி, வாசகராகவே படித்து, மனம் விலகிய இடங்களில் ஓரத்தில் ஒரு கோடு மட்டும் போடுங்கள்.

"கோப்பைத் திறந்தால் தமிழே தெரியவில்லை"

யுனிகோடுக்கு (இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்பு இது. பாமினி, டாம், டாப், டிஸ்கி, வானவில், ஸ்ரீலிபி எல்லாம் இந்த வகை. சொல்லுக்குச் சொல் அரைப்புள்ளி தென்பட்டால் பாமினி என்று ஊகிக்கலாம். அதில் மெய்யெழுத்தின் புள்ளி அந்த விசையில்தான் இருக்கிறது. எழுத்தாளரிடம் இரண்டு கேளுங்கள்: எழுத்துருவின் பெயர், அவர் கணினியிலிருந்தே எடுத்த பிடிஎஃப். ஒரு பக்கத்தை மட்டும் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற ஒன்றில் மாற்றி, பிடிஎஃபோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்ட பிறகே முழுக் கோப்பையும் மாற்ற வேண்டும். நடுநடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் கன்வர்ட்டர் தமிழ் என்றே நினைத்துக் குப்பையாக்கிவிடும். மேற்கோள் குறிகளும் இடைக்கோடுகளும் காணாமல் போகும். உரையாடல் நிறைந்த நாவலில் இவற்றைத் திரும்ப வைக்கவே ஒரு நாள் பிடிக்கும், கணக்கில் சேருங்கள்.

கோப்பு பார்வைக்குச் சரியாகத் தெரிந்தும் தேடினால் சொல் கிடைக்காமல் போவது இன்னொரு வகை. "மாரி" என்று தேடினால் நாற்பது இடத்தில் கிடைக்கிறது, ஆனால் பக்கத்தில் கண்முன்னே இருக்கும் "மாரி" சிக்கவில்லை. அங்கே ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்கால் இருக்கிறது. பழைய விசைப்பலகைப் பழக்கத்தில் கால், அதன்மேல் இகரக் கொக்கி என்று அடித்திருப்பார்கள்; பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. "ாி", "ாீ", "ா்" ஆகிய மூன்றையும் தேடி முறையே "ரி", "ரீ", "ர்" என்று மொத்தமாக மாற்றிவிடலாம். துணைக்காலுக்குப் பிறகு இகரமோ புள்ளியோ எந்தத் தமிழ்ச் சொல்லிலும் வராது என்பதால் இதில் ஆபத்தில்லை.

ஔகாரத்தில் அப்படி மொத்தமாக மாற்றக் கூடாது. "கௌரி" சரி; "கெளரி" என்பது கெகரமும் ளகரமும் சேர்ந்தது, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மொத்தமாக மாற்றினால் தெளிவும் வெள்ளமும் கெளுத்தி மீனும் சேர்ந்து சிதையும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்ற வேண்டும். "ஒளவை"யும் "ஔவை"யும் இதே சிக்கல்தான். இங்கே காப்பாற்ற வேண்டிய சொல் "ஒளி". கைபேசியில் அடித்த பிரதியாக இருந்தால் எகரத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழு (௭), அகரத்துக்குப் பதில் எட்டு (௮) உட்கார்ந்திருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் விட்டால் பின்னால் பெயர்களை ஒரே சீராக்கும் ஒவ்வொரு தேடலும் பொய்க்கணக்குக் காட்டும்.

"முதல் ஐம்பது பக்கம் நகரவே இல்லை"

காட்சிப் பேரேடு போடாமல் இதற்கு மருந்து இல்லை. ஒரு விரிதாளில் காட்சிக்கு ஒரு வரி: அத்தியாயம், இடம், நாள், யார் பார்வை, தொடக்கத்தில் நிலைமை என்ன, முடிவில் என்ன மாறியது, எத்தனை சொல். 60,000 சொல் நாவலில் அறுபது எழுபது வரி வரும், ஒரு நாள் வேலை. "என்ன மாறியது" என்ற கட்டம் தொடர்ந்து மூன்று வரிகளில் காலியாக இருந்தால் தொய்வு அங்கே தொடங்குகிறது. வாசகர் அலுத்துப்போனதை உணர்வது அதற்கு இருபது பக்கம் கழித்துத்தான்.

பொதுவான காரணம், நாயகனுக்கு ஏதாவது ஒன்று வேண்டும் என்று தெரிவதற்கு முன்பே அவன் தாத்தாவின் கதை தொடங்கிவிடுவது. நீக்கச் சொல்ல வேண்டாம், இடம் மாற்றச் சொல்லுங்கள். பூர்வகதை வரிகளை ஒரு நிறத்தில் அடையாளமிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இது தெரியாவிட்டால் எந்தக் காட்சி புரியாது?" என்று கேளுங்கள். எழுத்தாளர் சொல்லும் காட்சிக்குச் சற்று முன்னால் அந்தத் தகவல் போகும். எந்தக் காட்சியையும் அவரால் சொல்ல முடியாத வரிகளை அவரே வெட்டிவிடுவார். வெட்டும் கை அவருடையதாகவே இருக்கட்டும்.

இன்னொரு காரணம், வாரத்தொடராகவோ பிரதிலிபி போன்ற தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாகவோ வந்து பிறகு நூலாகும் கதை. போன வாரம் நடந்ததை நினைவூட்டும் பத்தி ஒவ்வோர் அத்தியாயத்தின் தலையிலும் இருக்கும். நாற்பது அத்தியாயம், தலைக்கு 120 சொல் என்றால் 4,800 சொல், பக்கத்துக்கு 200 சொல் என்ற கணக்கில் நூலில் இருபத்து நான்கு பக்கம். அவை மொத்தமாகப் போக வேண்டியவை. ஆனால் போவதற்கு முன், புதுத் தகவல் எதுவும் அந்தப் பத்தியில் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். தொடர் எழுதும் அவசரத்தில், போன வாரம் விட்டதை இந்த வார நினைவூட்டலில் நுழைத்திருப்பார்கள்.

"யார் நினைக்கிறார்கள் என்று குழம்புகிறது"

தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் நடக்கும் என்பதால், பார்வை மாறிய இடம் எழுதுபவருக்குத் தெரிவதில்லை. இதைப் பாருங்கள்:

செல்வி கதவைத் திறந்தாள். மழையில் நனைந்து நின்ற முருகேசனைப் பார்த்ததும் நெஞ்சு படபடத்தது. இவளிடம் எப்படிச் சொல்வது?

இரண்டாம் வாக்கியம் வரை நாம் செல்விக்குள் இருக்கிறோம். "இவளிடம்" என்ற ஒரே சொல் நம்மைத் தூக்கி முருகேசனுக்குள் போட்டுவிடுகிறது. இவன், அவன், இங்கே, அங்கே, வந்தான், போனான், தன், அவன்: காட்சி யார் கண்வழி நடக்கிறது என்பதைத் தமிழில் சொல்பவை இந்தச் சின்னச் சொற்கள்தான். குழப்பம் என்று புகார் வந்த காட்சியில் இவற்றை மட்டும் வண்ணமிட்டுப் பாருங்கள், தாவிய இடம் தானே தெரியும். பல நேரம் ஒரு சொல்லை மாற்றினால் போதும், பத்தியைத் திருப்பி எழுத வேண்டியதில்லை.

இதோடு சேர்ந்தது மரியாதைப் பன்மை. அப்பா ஒரு பக்கத்தில் "வந்தார்", அடுத்த பக்கத்தில் "வந்தான்". மகளின் பார்வையில் அவர், ஊர்க்காரன் பார்வையில் அவன் என்றால் அது கதைசொல்லலின் நுட்பம். காரணமில்லாமல் மாறினால் பிழை. அப்பா "அவர்", அம்மா "அவள்" என்று நாவல் முழுக்க வருவதும் அடிக்கடி நடக்கிறது. அது பாத்திரத்தின் பார்வையா, எழுதுபவரின் வீட்டுப் பழக்கமா என்று எழுத்தாளரைக் கேட்க வேண்டும். கேட்டால் போதும், முடிவு அவருடையது.

"பேச்சு செயற்கையாக இருக்கிறது"

நாவல் எடிட்டிங்கில் அதிக நேரம் கேட்பதும் அதிகச் சேதம் நடப்பதும் இங்கேதான். வட்டார வழக்கு தெரியாத ஒருவர் திருத்தினால் பிரதி சுத்தமாகும், ஆட்கள் செத்துப்போவார்கள். கொங்குப் பேச்சில் "என்ற ஊடு" என்றால் என்னுடைய வீடு. அந்த "என்ற"வை எழுத்து வழக்கின் "என்ற" என்று நினைத்து, வாக்கியம் முழுமையாக இல்லை என்று முன்னால் ஒரு பெயரைச் சேர்த்துவிடும் திருத்தத்தை நினைத்துப் பாருங்கள். பிழை திருத்தும் மென்பொருள்களை உரையாடல்மீது ஓட விடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு சொல்லே போதும்.

முதலில் கேட்க வேண்டியது: செயற்கை தொடக்கத்திலிருந்தே இருக்கிறதா, நடுவில் வந்ததா? நடுவில் வந்தது என்றால் எழுத்தாளர் களைத்திருக்கிறார். முதல் ஐந்து அத்தியாயம் "சொல்லுதாரு", "பண்ணுதான்" என்று திருநெல்வேலியாகப் பேசியவர், எட்டாம் அத்தியாயத்தில் "சொல்றாரு", "பண்றான்" என்று எல்லா ஊருக்கும் பொதுவான பேச்சுக்கு நழுவியிருப்பார். மருந்து, பேச்சுப் பட்டியல். முக்கியமான பாத்திரம் ஒவ்வொருவருக்கும் பன்னிரண்டு வடிவங்கள்: வருகிறேன், வந்தேன், வந்துவிட்டேன், வரவில்லை, வர வேண்டும், வந்தார்கள், சொல்கிறார், இருக்கிறது, என்னுடைய, அங்கே, எதற்கு, என்ன என்று கேட்பது. முதல் மூன்று அத்தியாயங்களிலிருந்தே இதை நிரப்பலாம். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் "சொன்னாக", கொங்கில் "சொல்லோணும்", யாழ்ப்பாணத்தில் "சொல்லுறன்", "சொல்லுறியள்" என்று வினைமுற்றிலேயே ஊர் தெரிந்துவிடும். பட்டியலை எழுத்தாளரிடம் அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே பின் அத்தியாயங்களில் கை வையுங்கள்.

தொடக்கத்திலிருந்தே செயற்கை என்றால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, விளி. தமிழில் உறவு தெரியாமல் யாரும் யாரிடமும் பேச முடியாது. வரிக்கு வரி பெயர் சொல்லிக் கூப்பிடும் பாத்திரங்கள் வேற்றுமொழிப் படத்திலிருந்து இறங்கியவர்கள் போலிருப்பார்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார், நீயா நீங்களா என்று ஒரு கட்டம் போடுங்கள். ஒரு பாத்திரம் "நீங்க"விலிருந்து "நீ"க்கு மாறுவது கதையில் ஒரு சம்பவம். அது எழுத்தாளருக்குத் தெரியாமல் நடந்திருந்தால் பிழை. உறவுச்சொல்லை ஊர் தெரியாமல் திருத்தாதீர்கள். திருநெல்வேலிப் பக்கம் ஆச்சி பாட்டி. செட்டிநாட்டில் அக்காளையும் ஆச்சி என்பார்கள். முப்பது வயதுப் பெண்ணை ஆச்சி என்று கூப்பிடுகிறார்களே என்று கேள்வி எழுப்பும் முன் அந்த வீடு எந்த ஊரில் என்று பாருங்கள்.

இரண்டு, ஒலியை எழுத்தில் எவ்வளவு காட்டுவது. பார்த்தானா பாத்தானா, வந்திட்டானா வந்துட்டானா, அவன்கிட்டயா அவங்கிட்டயா? எது என்றாலும் ஒருமுறை முடிவுசெய்து நடைத்தாளில் (இந்த நூலுக்கான எழுத்து முடிவுகளைக் குறித்துவைக்கும் தாள்) எழுதிவிட வேண்டும். எங்கள் முடிவு இது: வினைமுற்றும் இடப்பெயரும் உறவுச்சொல்லும் வட்டாரத்தைச் சுமக்கட்டும், மற்றச் சொற்களை வாசகர் கண் தடுக்காத அளவுக்கு விட்டுவிடலாம். பேச்சில் கேட்கும் மூக்கொலியை எல்லாம் எழுதப் போனால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும்.

மூன்று, பேசுபவர் கேட்பவருக்குச் சொல்லாமல் வாசகருக்குச் சொல்வது. கொங்குக் கிராமத்து அக்காள் ஒருத்தி பிரதியில் இப்படிப் பேசுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"ராஜேந்திரன், உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். போன வருடம் நம் அப்பா இறந்தபின் அம்மா மிகவும் தளர்ந்துவிட்டார்."

அப்பா இறந்தது தம்பிக்குத் தெரியாதா? எடிட்டர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டே: அக்காள் தம்பியை எப்படிக் கூப்பிடுவாள்? அம்மா தளர்ந்ததை அவள் எதில் பார்த்தாள்? எழுத்தாளர் அதற்குப் பதில் யோசித்தால் இப்படி ஒன்று திரும்பி வரும்:

"தம்பி, ஒண்ணு சொல்லோணும். அம்மா முன்ன மாதிரி இல்ல. சோத்துல கை வெச்சுட்டு அப்படியே உக்காந்துக்கறா."

சோற்றில் கை வைத்த அம்மாவை எடிட்டர் எழுதித் தரக் கூடாது. எழுதித் தந்தால் அந்த ஒரு வரி நன்றாக இருக்கும், மற்ற வரிகள் பழையபடியே வரும். கேள்வியாகக் கேட்டால் அடுத்த ஐம்பது பக்கத்தையும் எழுத்தாளரே சரிசெய்துகொள்வார்.

"எல்லா வாக்கியமும் ஒரே மாதிரி ஒலிக்கிறது"

தமிழ் வாக்கியம் வினைமுற்றில் முடிகிறது. ஒருவன் தனியாகச் செய்யும் செயல்களை வரிசையாகச் சொன்னால் பக்கம் முழுக்க ஆன், ஆன், ஆன் என்று தட்டும்.

அவன் எழுந்தான். சட்டையை மாட்டினான். கதவைச் சாத்தினான். தெருவில் இறங்கினான். டீக்கடையைப் பார்த்தான். யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டான்.

சத்தத்தை மட்டும் மாற்ற நினைத்து "இறங்கினான் தெருவில்" என்று புரட்டிப்போடுவது சரியான வைத்தியம் அல்ல. தேவையில்லாத செயல்கள் இங்கே இருக்கின்றன என்பதுதான் கோளாறு. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான். டீக்கடையில் யாரும் இல்லை. பின்னால் வீட்டில் திருட்டு நடக்கும் என்றால் ஒழிய கதவைச் சாத்தியது வேண்டாம். நாம் அவன் கண்வழியே பார்த்துக்கொண்டிருக்கும்போது "பார்த்தான்", "தெரிந்துகொண்டான்" இரண்டும் மிகை. பிரதி முழுவதிலும் "பார்த்தான்", "உணர்ந்தாள்", "தோன்றியது", "கேட்டது" ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். பாதிக்கு மேல் எடுத்துவிடலாம். மீதியில் பார்ப்பதுதான் செயல், அவை இருக்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான நோயும் உண்டு. எழுந்து, குளித்து, உடுத்தி, சாப்பிட்டு, கிளம்பி என்று ஏழு எச்சம் கோத்து எட்டாவதில் மூச்சு வாங்கும் வாக்கியம். அங்கே நீளத்தைவிட எழுவாய் நழுவுவதைக் கவனியுங்கள். "கதவைத் திறந்து நாய் உள்ளே ஓடியது" என்றால் கதவைத் திறந்தது நாய். "திறந்ததும்" என்று மாற்றினால் தீர்ந்தது.

வேற்றுமொழி வாசிப்பு அதிகமுள்ளவர்களின் பிரதியில் "ஒரு" கூடுதலாக வரும். "அவள் ஒரு அமைதியான பெண்", "அவன் ஒரு ஆசிரியர்." பக்கத்துக்கு ஐந்தாறைத் தாண்டினால் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துப் பாருங்கள். எடுத்தும் பொருள் நின்றால் அது வேண்டாத ஒன்று. "அவனால் எழுதப்பட்ட கடிதம்" அவன் எழுதிய கடிதமாகட்டும். "சட்டென்று", "மெல்ல", "ஒரு கணம்", "கொண்டிருந்தான்" இவற்றின் எண்ணிக்கையைத் தேடி எடுத்து எழுத்தாளருக்கு அனுப்பினால் போதும். 60,000 சொல்லில் "சட்டென்று" 140 முறை என்று எண்ணாகக் கண்டால், எந்த விளக்கமும் இல்லாமலே அவர் குறைத்துக்கொள்வார்.

"ஒற்றுப்பிழை மட்டும் பாருங்கள்"

மேலே சொன்ன எல்லாம் முடிந்த பிறகு இதற்கு வாருங்கள். அடிக்கடி தவறுபவை சிலதான். இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் மிகும்: அவனைக் கண்டான், ஊருக்குப் போனான். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: படித்த புத்தகம், வந்த பையன். "என்று சொன்னான்" மிகாது, "எனச் சொன்னான்" மிகும். "செய்து கொடுத்தான்" மிகாது, "எடுத்துக் கொடுத்தான்" மிகும். பின்னது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின மெய்யை அடுத்துக் குறுகிய உகரத்தில் முடியும் சொல். சந்தேகம் வந்தால் பொருளைக் கேளுங்கள்: "வேலை கொடுத்தான்" என்றால் பணி, "வேலைக் கொடுத்தான்" என்றால் கையிலிருந்த வேல்.

நாவி, வாணி போன்ற பிழை திருத்தும் கருவிகள் விட்டுப்போன இடங்களைக் காட்ட உதவும். அவை சொல்வதை அப்படியே ஏற்கக் கூடாது. கறுப்பா கருப்பா, பதற்றமா பதட்டமா என்பதற்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்த்து ஒரு முடிவெடுத்து நடைத்தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 1992இல் வந்த முதல் பதிப்பைவிட 2008, 2020 பதிப்புகள் இக்காலக் கதைமொழிக்கு நெருக்கமானவை. எழுத்தாளருக்கு வேறு விருப்பம் இருந்தால் அதுவே நடை, ஆனால் நூல் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டும். பேச்சு வரிகளில் ஒற்று மிகுமா என்பதையும் தனியாக முடிவுசெய்யுங்கள். "அவனப் பாத்தேன்", "அவன பாத்தேன்" இரண்டில் எது என்றாலும் சரி, கலந்து வந்தால் தவறு.

"வயதும் வருடமும் இடிக்கிறது"

காட்சிப் பேரேட்டின் நாள் பத்தியை மேலிருந்து கீழாக வாசியுங்கள். பிறந்த குழந்தை பதினோரு மாதம் கழித்து மூன்று வயதில் பேசும் இடம் அங்கேயே மாட்டும். அதன் பக்கத்தில் வெளியுலகப் பத்தி ஒன்றையும் சேர்க்க வேண்டும். அணாவுக்குப் பதில் நயா பைசா 1957 ஏப்ரல் 1இல் வந்தது. ஆனால் 1985இல் ஒருவர் "நாலணா" என்றால் திருத்தாதீர்கள், காசு போன பின்னும் சொல் நெடுங்காலம் புழங்கியது. எஸ்டிடி பூத் 1980களின் பிற்பகுதியில்தான் பரவியது, அதற்கு முன் டிரங்க் கால். கைபேசிச் சேவை இந்தியாவில் தொடங்கியது 1995இல். கதைசொல்லியின் குரலில் சென்னை என்பதா மெட்ராஸ் என்பதா என்பதை 1996ஐ மட்டும் வைத்து முடிவுசெய்ய வேண்டாம்; அந்த ஆண்டு மாறியது அதிகாரப்பூர்வ ஆங்கிலப் பெயர், தமிழ் எழுத்தில் சென்னை அதற்கு முன்பே இருந்தது, பேச்சில் மெட்ராஸ் இன்றும் இருக்கிறது. 2016 நவம்பர் 8 நள்ளிரவுக்குப் பிறகு சாதாரணக் கடையில் பழைய ஐந்நூறு ரூபாய்த் தாள் செல்லாது. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த நாள், ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி. முந்தின இரவைக் கும்மிருட்டு என்று எழுதியிருந்தால் கேள்வி போடுங்கள். மூன்றாம் பிறையை நள்ளிரவில் வானத்தில் வைப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அது பொழுது சாய்ந்த சற்று நேரத்திலேயே மறைந்துவிடும். தஞ்சையில் சம்பா அறுவடை தையை ஒட்டி வரும், ஆடியில் வராது.

"திருத்தியதை எழுத்தாளர் ஏற்கவில்லை"

பக்கத்துக்கு நாற்பது குறி போட்டால் எது பிழை, எது யோசனை, எது கேள்வி என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஒற்றும் எழுத்துப்பிழையும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கி, ட்ராக் சேஞ்சஸ் (கோப்பில் செய்த மாற்றங்களை அடையாளம் காட்டும் வசதி) இல்லாமல் தனிச் சுற்றில் திருத்தி, நடைத்தாளை இணைத்து அனுப்புங்கள். ட்ராக் சேஞ்சஸில் வாக்கிய மாற்றம் மட்டும் தெரியட்டும். கருத்துப் பெட்டியில் கேள்வி மட்டும். அப்போது பக்கத்துக்கு ஐந்தாறு குறிதான் மிஞ்சும், ஒவ்வொன்றையும் அவர் படிப்பார். இல்லையென்றால் அலுத்துப்போய் மொத்தமாக "ஏற்றுக்கொள்" என்று அழுத்திவிடுவார். அது மறுப்பதைவிட மோசம், ஏனென்றால் உங்கள் தவறுகளும் சேர்ந்தே உள்ளே போய்விடும்.

கேள்வியின் சொற்களும் முக்கியம். "இந்த இடம் சரியில்லை" என்பது தீர்ப்பு. "84ஆம் பக்கத்தில் கமலாவுக்குக் கடிதம் வந்ததே தெரியாது, 91இல் அதைப் படித்தவள்போல் பேசுகிறாள். நடுவில் யாராவது சொன்னார்களா?" என்பது உதவி.

"வேலை முடியவே மாட்டேன் என்கிறது"

தொடக்கத்தில் எதற்கு ஒப்புக்கொண்டோம் என்று எழுதிவைக்காததுதான் காரணம். கட்டுமான எடிட்டிங், வாக்கிய எடிட்டிங், மெய்ப்பு (எழுத்துப்பிழை, அச்சுப்பிழை மட்டும் பார்ப்பது) மூன்றும் வேறு வேறு வேலைகள், வேறு வேறு கட்டணம். மெய்ப்புக்குப் பேசிய தொகையில் கட்டுமானம் பார்க்கக் கூடாது. பார்த்தால் இரண்டும் அரைகுறை.

விலை சொல்லும் முன் 1,000 சொல் மாதிரி செய்து நேரத்தை அளந்துகொள்ளுங்கள். அந்த 1,000 சொல் முதல் அத்தியாயத்திலிருந்து வேண்டாம், அதை எழுத்தாளர் இருபது முறை மெருகேற்றியிருப்பார். நடுவிலிருந்து எடுங்கள். மாதிரிக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனால் 60,000 சொல்லுக்கு 75 மணி. கவனம் சிதறாமல் நாளுக்கு ஐந்து மணிக்கு மேல் செய்ய முடியாது என்பதால் பதினைந்து நாள். எழுத்தாளர் திருத்தித் திருப்பி அனுப்ப இரண்டு வாரம், இரண்டாம் சுற்றுக்கு ஐந்து நாள். வாரத்தில் ஆறு நாள் உழைத்தாலும் ஆறு வாரத்துக்கு நெருக்கமாகும், பிறகு பக்க வடிவமைப்பு, மெய்ப்பு, அச்சு. ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சிக்கு வர வேண்டிய நாவல் செப்டம்பரில் எடிட்டர் கைக்கு வந்திருக்க வேண்டும். நவம்பர் கடைசியில் வருவதை மெய்ப்புக்கு மட்டும் ஒப்புக்கொள்ளுங்கள், அதை எழுத்தாளரிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்த மடலில் இருக்க வேண்டியவை: சொல் எண்ணிக்கை, எந்த வகை வேலை, எத்தனை சுற்று, தேதிகள், கட்டணம். மூன்றில் ஒரு பங்கு தொடங்கும்போது, ஒரு பங்கு முதல் சுற்று முடிந்ததும், மீதி கடைசிக் கோப்போடு. கைபேசியில் குரல்செய்தியாக வரும் மாற்றங்கள்தான் வேலையை இழுத்தடிப்பவை. கோப்பு ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும், அவர்தான் மாற்றுவார், கோப்பின் பெயரில் தேதி இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"அச்சில் பழைய பிழைகள் திரும்பி வந்துவிட்டன"

வடிவமைப்பவர் பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் வேலை செய்தால், யுனிகோட் கோப்பு மறுபடி பழைய எழுத்துருவுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அந்த மாற்றத்தில் உடைபவை தெரிந்தவைதான்: ஸ்ரீ, க்ஷ, ஃப, மேற்கோள் குறி, நீள்கோடு. இவற்றை மட்டும் கோப்பில் தேடி, பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள். இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருளில் கொம்பு தனியாகப் பிரிந்து நின்றாலோ புள்ளிவட்டம் தெரிந்தாலோ பத்தி அமைப்பில் வேர்ல்டு-ரெடி காம்போசரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

தமிழ்ச் சொல் நீளமானது என்பதால் இருபுறமும் சமன்செய்த வரிகளில் பெரிய இடைவெளி விழும். அதை மூட வடிவமைப்பவர் கையால் சொல்லை உடைத்துக் கோடு போடுவார். பின்னால் ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ அந்தக் கோடு வரியின் நடுவே வந்து நிற்கும். கடைசி பிடிஎஃபில் சிறுகோட்டைத் தேடினால் எல்லாம் சிக்கும். மெய்யெழுத்தில் தொடங்கும் வரி இருந்தால் அதையும் குறித்து அனுப்புங்கள்.

டெமி அளவு (நாவல்கள் வழக்கமாக வரும் நூல் அளவு) பக்கத்தில் ஏறத்தாழ 200 சொல் அடங்கும், 60,000 சொல் 300 பக்கம். ஃபாரத்துக்கு (ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பக்கங்களின் தொகுதி) பதினாறு பக்கம் என்பதால் முன்பக்கங்களையும் சேர்த்து 304இல் முடிப்பதா 320க்குப் போவதா என்ற கேள்வி வடிவமைப்பின்போது வரும். சில வரிகளைக் குறைக்கச் சொன்னால், வெட்டுவதற்கான இடங்களை எழுத்தாளரிடம் காட்டி அவர் சொல்வதை எடுங்கள்.

கடைசி பிடிஎஃபை முதலிலிருந்து வாசிக்க நேரம் இருக்காது. பக்க எண், அத்தியாயத் தலைப்பு, ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியும் கடைசி வரியும் விட்டுப்போகாமல், இரட்டிக்காமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு, திருத்தம் போட்ட ஒவ்வோர் இடத்துக்கும் போங்கள். அந்தச் சொல்லைச் சரிபார்த்ததும் நகர்ந்துவிடாமல் பத்தியின் கடைசி வரி வரை படியுங்கள்; வரி நகர்ந்து புதுப் பிழை விழுந்திருந்தால் அங்கேதான் இருக்கும்.